முனியப்பனுக்கு விட்ட சேவல்

ஜனவரி 14, பொங்கல்

குக்கரில் பொங்கல் வைத்தேன். அது பொங்குவதற்குப் பதிலாக விசில் அடித்தது. சரி போ என்று நானே ஒருமுறை பொங்கலோ பொங்கல் சொல்லிக்கொண்டேன். கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? கொல்லையில் ஐந்து பெட்டைக்கோழி, ஒரு சேவல். அதுகளும் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அவர் வீடியோவில் வந்தார். வேட்டி கட்டியிருந்தார். அமெரிக்காவில் இந்தப் பேட்டன் ரூஜில் குடியிருந்த இத்தனை வருஷத்தில் ஒருநாள் கட்டினதில்லை. பின்னால் கொழுந்தனார் வீட்டு மாடுகள், கொம்புக்குப் பச்சை வர்ணம். அக்டோபரில் மாமியார் தவறிப்போனதற்கு ஊருக்குப் போனவர். திரும்பி வர விசா முத்திரை குத்த வேண்டும் என்று தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் இங்கே, அவர் அங்கே.

"பாஸ்போர்ட்டு இன்னும் வரலீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க. வந்தாச் சொல்ல மாட்டனா மணி?" என்றார். உடனே, "கோழியெல்லாம் நல்லாருக்குதா?" என்றார்.

நல்லாருக்குது. எனக்கென்ன, நானும் நல்லாத்தான் இருக்கிறேன். அதை யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 15

சேவல் கூவியதற்குப் பக்கத்து வீட்டு லொரேட்டா அம்மாள் மறுபடி வந்துவிட்டாள். இந்தக் குடியிருப்பில் பெட்டை வளர்க்கலாம், சேவல் கூடாது என்று சட்டம். "கலா, அதுக்கு இன்னும் இடம் பார்க்கலையா?" என்கிறாள். என் பேரில் முன்பாதி அவளுக்கு, பின்பாதி அவருக்கு. பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறேன். பொங்கல் கொஞ்சம் கொடுத்தனுப்பினேன். வாயில் போட்டதும் குரல் இறங்கிவிட்டது.

எல்லாம் அவர் செய்த வேலை. பரமத்தியில் பிறந்து, வீட்டைச் சுற்றிலும் கோழிப்பண்ணை, அந்த நாத்தமே ஆகாது என்று இஞ்சினியருக்குப் படித்து இவ்வளவு தூரம் ஓடிவந்த மனுசன், போன வருஷம் தீவனக் கடையில் ஒரு பெட்டிக் குஞ்சைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் பெட்டை என்று கடைக்காரன் அடித்துச் சொன்னான். இவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, பெரிய மேதை மாதிரித் தலையாட்டினார். அதில் வெள்ளையாக இருந்தது கொண்டை வளர்த்தது, தாடி வளர்த்தது, ஒருநாள் காலையில் கூரைமேல் ஏறிக் கூவியது. நான் சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது. "கோழிப்பண்ணை வீட்டுப் புள்ளைங்களா நீங்க?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் இப்போது இல்லை.

ஜனவரி 16

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. நேர்ந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பார்கள். டைரி வெளியில் சேர்த்தியா?

நவம்பரில் ஒருநாள், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று அவர் சொன்ன அன்று, எனக்குக் கை கால் ஓடவில்லை. பிள்ளைக்காக வேண்டிக்கொண்டதெல்லாம் வீணாகிப் போன பிறகு நான் எந்தச் சாமியிடமும் எதுவும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். எங்கள் அப்பா வீட்டுச் சாமி, ராசிபுரத்துப் பக்கத்தில் ஏரிக்கரையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிற முனியப்பன். அவருக்கு விசா கிடைத்துவிட்டால் இந்தச் சேவலை உனக்கே தருகிறேன் என்று சொல்லி, மஞ்சளில் நனைத்த கயிற்றை அதன் காலில் கட்டினேன்.

இங்கிருந்து எப்படிக் கொண்டுபோவேன் என்றெல்லாம் யோசிக்கவில்லை. கேட்கிற வேகத்தில் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

சாமிக்கு விட்டதை விற்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது, தின்னவும் கூடாது. கேட்டது நடக்கும் முன்னால் அது செத்துப்போனால் சாமிக்குச் சம்மதமில்லை என்று அர்த்தம். லொரேட்டாவிடம் இதை எந்தப் பாஷையில் சொல்வது?

பேர்கூட வைக்கவில்லை. பெட்டைகளுக்கெல்லாம் பேர் உண்டு, கருப்பி, பொரியா என்று. இவன் வெறும் சேவல்.

முனியப்பன் பேச்சு எடுத்தாலே எங்கள் கல்யாணம் நினைவுக்கு வருகிறது. ஜாதகம் பொருந்தியும் எங்கள் அப்பா பூ கேட்காமல் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளை வந்தது. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நிற்க, மாப்பிள்ளை எங்கே என்று பார்த்தால், வெளியே வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். "பூவாம் பொட்டலமாம்" என்று பிறகு வாழ்நாள் பூராவும் கேலி.

ஜனவரி 18

பனி வரப் போகிறதாம். இங்கே ஜனவரியில் கொசு கடிக்கும். இந்த ஊர்க்காரர்கள் பனியைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறார்கள், ராசிபுரத்துக்காரியைப் போலத்தான். கடையில் பாலும் ரொட்டியும் ஒரு பொட்டு இல்லை. எதற்கு எல்லோரும் ரொட்டியைத் தூக்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் இரண்டு கட்டு வைக்கோல் வாங்கி வந்தேன்.

நான் வேலை செய்கிற பல் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் லீவு விட்டுவிட்டார்கள். முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலைதான். ஆனாலும் என் பேர் போட்ட பட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு, என் காரை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். அங்கே ஒருத்தரும் என் வயிற்றைப் பார்த்துப் பேசுவதில்லை. பரமத்தியில் வாசல் தாண்டுவதற்குள் நாலு பேர் கேட்பார்கள்.

ஜனவரி 19

அவரிடம் யோசனை கேட்டேன். கோழி என்றால் மனுசருக்குக் குரலே மாறிவிடுகிறது.

"கூண்டுக்கு மேல இருக்கற ஓட்டைய அடைச்சுராத மணி. அதுக விடற மூச்சு வெளிய போகோணும். குளிரு கொல்லாது, ஈரந்தான் கொல்லும். கீழ வைக்கோலைக் கனமாப் போடு. தண்ணி கட்டியாகாமப் பாத்துக்க. லைட்டு கியிட்டு மாட்டி வெக்காத, தீப்புடிச்சுரும்."

"சேவலுக்குக் கொண்டை பெருசுங்க. குளுருல வெறச்சுப்போயிரும்னு நெட்டுல போட்டிருக்குது."

"சேவல் போனாப் போச்சாது. எப்படியும் வெச்சுக்க முடியாததுதான? பொட்டைகளைப் பாரு."

போச்சாதாம். போனால் போகட்டுமாம். அவருக்கு எங்கே தெரியும்?

பின்னால் வெல்டிங் சத்தம். என்னங்க அது என்றதற்கு, "தம்பி புதுசா ஷெட்டுப் போடறான்" என்றார். தம்பி ஷெட்டுப் போட்டால் இவர் எதற்கு நடுவில், "அந்தப் பைப்பை இன்னும் சித்த மேல தூக்குப்பா, அக்கட்ட ரெண்டு விரக்கடை" என்று கத்துகிறார் என்று தெரியவில்லை. சும்மா இருக்க மாட்டார், உதவி செய்கிறார் போல.

ஜனவரி 20

காற்று. முட்டை இல்லை. அவர் கூப்பிடவில்லை. ஷெட் வேலையாக இருக்கும்.

ஜனவரி 21

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. விரல் இன்னும் மரத்திருக்கிறது.

காலையில் எழுந்தால் ஜன்னலில் வெளிச்சம் ஒரு மாதிரி இருந்தது. கொல்லைக்கதவைத் திறந்தேன். வேலி, கூண்டு, அவர் வைத்த எலுமிச்சை, எல்லாவற்றின்மேலும் வெள்ளை. சத்தமே இல்லை. அழகாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். "ஏனுங்க, இங்க வந்து பாருங்களேன்" என்று வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் யாரைக் கூப்பிடுகிறோம் என்று உறைத்தது.

கூண்டைத் திறந்துவிட்டேன். கருப்பி ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். மற்றதுகள் அதைக்கூடச் செய்யவில்லை.

மத்தியானம் காற்று கூடிப்போய்ப் பனி குறுக்காக அடிக்க ஆரம்பித்தது. கரண்டும் போனது. கூண்டுக்குள் பனிப்பொடி பறந்து வைக்கோல் நனைந்துவிட்டது. ஈரம் கொல்லும் என்று சொல்லியிருக்கிறாரே. சரி, வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடையைக் கொடாப்பு என்போம். இங்கே கொடாப்புக்கு எங்கே போவது? அழுக்குத்துணிக் கூடையில் இரண்டு இரண்டாகப் போட்டு, துணி துவைக்கிற அறையில் கொண்டுபோய் விட்டேன். பெட்டைகள் மகராசிகள், சத்தமில்லாமல் வந்தார்கள்.

சேவல் வரவில்லை. சாமிக்கு விட்டது அல்லவா, திமிர். கூடையைப் பார்த்ததும் என் தலைக்கு மேலே பறந்து வேலியில் உட்கார்ந்தான். அங்கிருந்து காற்று அவனை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது.

வெள்ளைச் சேவலை வெள்ளைப் பனியில் எங்கே என்று தேடுவேன்? அவருடைய பழைய ஜெர்கினைப் போட்டுக்கொண்டு, பா பா பா என்று கத்திக்கொண்டே வேலி ஓரமெல்லாம் முழங்காலில் தவழ்ந்தேன். லொரேட்டா ஜன்னலில் நின்று பார்த்தாள், இவளுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். இருட்டுகிற நேரத்தில் அவள் வீட்டுப் படிக்குக் கீழே ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. கயிறு. நான் கட்டின கயிறு. கையை விட்டு இழுத்தேன், கல் மாதிரி வந்தான். கொண்டை வெள்ளையாகப் போய்விட்டிருந்தது.

ஜெர்கினுக்குள் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். கொண்டையில் தடவத் தேங்காயெண்ணெயை எடுத்தால் பாட்டிலுக்குள் அதுவும் உறைந்து கிடக்கிறது. விளக்கெண்ணெய்தான் உறையாமல் இருந்தது. உள்ளங்கையில் ஊற்றி, தேய்க்காமல், சும்மா ஒற்றி ஒற்றி வைத்தேன். தேய்த்தால் தோல் பிய்ந்துவிடும் போல இருந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் என் வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது.

"தங்கம், கண்ணைத் தொற சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன் போல.

ஜனவரி 22

நிற்க மாட்டேன் என்கிறான். காலை மடக்கிக்கொண்டு சாய்கிறான். தீனி வேண்டாம். பொங்கலுக்கு வாங்கின வெல்லத்தை வெந்நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக அலகில் விடுகிறேன். பாதி உள்ளே போகிறது, பாதி என் சேலையில். ஆமாம், சேலை கட்டியிருக்கிறேன். இருக்கிறதிலேயே கனமானது என் கல்யாணப் பட்டுதான், ஸ்வெட்டருக்கு மேலே சுற்றிக்கொண்டேன். கோழி எச்சம் பட்டுவிட்டது. எங்கள் அம்மா பார்த்தால் மாரடைத்துவிடும்.

காலையில் கூவவில்லை. எத்தனை நாள் இந்தச் சனியன் வாயை மூடாதா என்று திட்டியிருப்பேன்.

காரில் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். சேவலுக்கு முடியவில்லை என்றேன். அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"ஒரு சேவலுக்காடி இந்தப் பாடு? போச்சாதுன்னு உடு மணி. நீ போய்ப் போத்திப் படு. அங்கென்ன கெடக்குது, பேசாம நீயும் இங்க வந்துரு. வீடு இருக்குது, சனம் இருக்குது. பனியுமில்ல ஒண்ணுமில்ல."

"போச்சாது போச்சாதுன்னு சொல்லாதீங்க. அது சாகக் கூடாதுங்க. அவ்வளவுதான்."

"ஏன், அது என்ன அப்படி?"

சொல்ல முடியாதே. போனை வைத்துவிட்டேன்.

இது செத்தால் அவர் வரமாட்டார். எழுதிவிட்டேன். மூட நம்பிக்கை என்று அவர் சிரிப்பார், பல் டாக்டரம்மா சிரிப்பாள், யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். இந்தக் குளிரில் எனக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு உயிர்தான் என்று தோன்றுகிறது. அவர் தலையணையில் இப்போது வாசனைகூட இல்லை. ஜெர்கினில் கொஞ்சம் இருந்தது. நேற்றோடு அதுவும் சேவல் வாசனையாகிவிட்டது.

முனியப்பா, எனக்கு அந்த மனுசன் வேண்டும்.

ஜனவரி 23

கூவினான்.

துணிக்கூடைக்குள் இருந்து, அரைக்குரலில், நடுவில் கிழிந்துபோய், ஆனால் கூவினான். பெட்டைகள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தன. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கொண்டையின் நுனிகள் கருத்துவிட்டன, அது உதிர்ந்துவிடும், பரவாயில்லை. அரிசிச் சோற்றைக் கையிலிருந்தே கொத்தித் தின்றான். விரலையும் சேர்த்து.

கதவைத் தட்டிக்கொண்டு லொரேட்டா வந்தாள். சரி, புகார்தான் என்று நினைத்தேன். "இந்தத் தெருவில் மூணு நாளா ஒரு சத்தம் இல்லை கலா. அது கூவினதும் மனசுக்கு நல்லாயிருந்தது" என்றாள். பிறகு, "பனி உருகினதும் மறுபடி புகார் பண்ணுவேன்" என்றாள். காஸ் அடுப்பைப் பற்றவைத்து இரண்டு பேரும் காபி குடித்தோம்.

ஜனவரி 24

கரண்டு வந்துவிட்டது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பெட்டைகள் கூண்டுக்குத் திரும்பிவிட்டன. சேவலை மட்டும் இன்னும் உள்ளே வைத்திருக்கிறேன். சமையலறையில் என் காலைச் சுற்றிக்கொண்டு திரிகிறான்.

அவர் போன் எடுக்கவில்லை. கொழுந்தனார் மனைவி கோகிலாவைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளை, மனசில் ஒன்றும் நிற்காது. பனியைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன்.

"மாமா ஷெட்டுல இருக்கறாருங்க்கா. நாளைக்குக் குஞ்சு வந்து எறங்குது. ஆமா, நீங்க எப்பக்கா டிக்கெட் போடறீங்க? மாமா அங்க போறாரா, நீங்க இங்க வர்றீங்களா? இவரு கேட்டா, அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாருங்கறாரு."

"பாஸ்போர்ட்டு வரட்டும் கண்ணு, பாக்கலாம்."

"அது பொங்கலுக்கு முன்னாடியே வந்துருச்சேக்கா. விசா ஒட்டி வந்துருச்சு. நாந்தானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உங்களுக்குச் சொல்லலீங்களா?"

சொன்னார், மறந்துவிட்டேன் என்றேன்.

ஜனவரி 25

ஒரு முட்டை.

ஜனவரி 26

நேற்று முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டு, கூண்டைக் கழுவிக்கொண்டு, வாய்விட்டு. பொங்கலன்று வேட்டியைக் கட்டிக்கொண்டு, "வந்தாச் சொல்ல மாட்டனா" என்றாரே, அந்த வாயை. என் பேச்செல்லாம் கேட்டுச் சேவல் துணிக்கூடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

இன்று காலை விளக்கேற்றும்போதுதான் புரிந்தது. முனியப்பன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கேட்டது விசா. சாமி கொடுத்துவிட்டார், பனி வருவதற்கு முன்னாடியே கொடுத்துவிட்டார். அந்த மனுசனுக்கு வருகிற ஆசையைக் கொடு என்று நான் கேட்கவே இல்லை. அது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருக்கிற ஒன்றை யாராவது தனியாகக் கேட்பார்களா என்ன?

வேட்டி கட்டிக்கொண்டு நின்றவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அன்றைக்கே பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

கேட்டது நடந்துவிட்டால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். அவரைக் கூப்பிட்டேன். குஞ்சுகளின் சத்தம், ஒரு மழை பெய்கிற மாதிரி.

"ஏனுங்க, ஒரு வேலை செய்யோணும். எங்கூரு முனியப்பன் கோயிலுக்குப் போய் ஒரு சேவல் குடுத்துட்டு வரோணும். நல்ல வெள்ளைச் சேவலா வாங்குங்க."

"முனியப்பனுக்கா? எதுக்கு?"

"நம்ம சேவலை நேர்ந்து விட்டிருந்தனுங்க. இங்கிருந்து எப்படி அனுப்பறது? அதான், அங்க ஒண்ணு."

"எதுக்கு நேர்ந்த?"

"உங்களுக்கு விசா கெடைக்கோணும்னு."

குஞ்சுகள்தான் கத்திக்கொண்டிருந்தன. எங்கேயோ நடந்து போகிறார் என்று தெரிந்தது, குஞ்சுச் சத்தம் குறைந்துகொண்டே போனது.

"அதுக்குத்தான் அந்தப் பனியில..." என்றார்.

"ஆமாங்க."

"யாரு சொன்னா, வந்துருச்சுன்னு?"

"யாரு சொன்னா என்னங்க? கடனை வெச்சுக்கக் கூடாது. குடுத்துருங்க."

"மணி, நான் சொல்லக் கூடாதுன்னு இல்ல. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு..." நிறுத்திவிட்டார். நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு, "ஒண்ண நேர்ந்துட்டு வேற ஒண்ணக் குடுத்தா அது ஏத்துக்குமா?" என்றார்.

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி.

"பூ கேட்டுப் பாருங்க" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

வேறு சேவல் என்று நான் சொன்னது இவனைத் தப்பவைக்கத்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அதனால் சொன்னேன்.

ஜனவரி 27

ஆஸ்பத்திரி திறந்துவிட்டார்கள். பனியில் வழுக்கிப் பல்லை உடைத்துக்கொண்டவர்கள் வரிசையாக வருகிறார்கள். சாயங்காலம் வந்தால் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான் சேவல். யாரோ ஒருத்தர் நமக்காகக் காத்திருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

போன் வரவில்லை.

ஜனவரி 28

வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், சரி, கொடுத்துவிட்டேன், கணக்கு முடிந்தது என்று சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. அந்தக் கணக்கு முடிந்தால் நாங்கள் வேறு என்ன பேசுவோம்? கோழி அவருக்கும் நிறைய இருக்கிறது இப்போது.

கல்யாணப் பட்டை ஊறவைத்தேன். கறை போகிறதா பார்க்கலாம்.

ஜனவரி 29, தை அமாவாசை

காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார். வீடியோ இல்லை, பேச்சு மட்டும்.

"போயிட்டு வந்தேன் மணி. முனியப்பன் கோயிலுக்கு."

"குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க குடுக்கறது? ஏத்துக்கலை. வேற சேவல் ஆகாதாம். நேர்ந்த சேவலேதான் வேணுமாம். அப்புறம் என்ன பண்றது? அதை இங்க கொண்டுவர முடியாது. நாந்தான் அங்க வந்து, பாத்து, ஒரு வழி பண்ணோணும். சாமி காரியமாச்சே."

அவர் இவ்வளவு நீளமாக மூச்சுவிடாமல் பேசி நான் கேட்டதில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

"பூ கேட்டீங்களா?"

"கேட்டேன் கேட்டேன். அதெல்லாம் முறையாக் கேட்டாச்சு."

"என்ன பூங்க வந்துச்சு?"

ஒரு நிமிஷம் தயங்கினார். "வெள்ளை" என்றார். "நல்ல சுத்த வெள்ளை."

வெள்ளை வந்தால் சம்மதம். வேறு சேவல் கொடு, வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கே அந்தப் பூதானே வந்தது. இவர்தான் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாரே, இவருக்கு எங்கே தெரியும்? இந்த மனுசன் கோயில் பக்கமே போகவில்லை.

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"மணி, இருக்கறயா?"

"இருக்கறனுங்க."

"தம்பிகிட்டச் சொல்லிட்டேன், ஷெட்ட அவனே பாத்துக்கட்டும்னு. அடுத்த வாரம் டிக்கெட் போடறேன்." பிறகு மெதுவாக, "அதுக்குக் கொண்டை எப்படியிருக்குது?" என்றார். சேவலைப் பற்றி அவராகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"நுனி கருத்துருச்சுங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல."

"வெளக்கெண்ணெ போடு. நல்லாப் பாத்துக்க. அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

"சாமியே சொன்ன பொறகு நாம என்னங்க பண்றது, பாத்துக்கறேன்" என்றேன். பூவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இனியும் திறக்க மாட்டேன்.

வைத்த பிறகு பார்த்தால் சேவல் என் செருப்பைக் கொத்திக்கொண்டு நிற்கிறான். பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். காலில் கட்டின கயிறு பனியில் ஊறி வெளுத்து, இற்றுப்போய்க் கிடந்தது. அதை அவிழ்த்துவிட்டு, மஞ்சளைக் குழைத்துப் புதுசாக ஒன்று நனைத்துக் கட்டினேன். முடிச்சை இந்தத் தடவை இரண்டாகப் போட்டேன். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது.